அப்பா சொன்ன இருபத்தெட்டு டிகிரி

ஏப்ரல் 3

ப்ளஸ் ஒன் முடிந்தது. இனிமேல் மதுரை வெயிலும் நீச்சல் குளமும் நானும்தான் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். காபி ஆறுவதற்குள் அப்பா அந்த நினைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார். நீட் வகுப்பில் சேர்த்துவிட்டாராம். தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பிக்குமாம். அதுதான் என் நீச்சல் நேரம்.

"அப்ப நீச்சல்?" என்றேன்.

"சாயங்காலம் நாலு மணிக்குப் போவோம். நான் லேப்ல ஷிஃப்ட்டை மாத்திக்கிட்டேன். மூஞ்சியத் தூக்காத."

ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வரும் அப்பா எத்தனை பேருக்குக் கிடைப்பார்? மூஞ்சியை இறக்கிக்கொண்டேன்.

மே 18 சென்னையில் மாநில அணிக்குத் தேர்வு. என் கோச் ஃபெலிக்ஸ் சார் ஜனவரியிலேயே சென்னைக்கு மாறிப் போய்விட்டார். பயிற்சியைப் போனில்தான் அனுப்புகிறார். நானூறு மீட்டரை ஐந்து நிமிடத்துக்குள் நீந்திக் காட்டினால் என் பெயரைக் கொடுப்பார். பட்டியல் கொடுக்கக் கடைசி நாள் மே 3. டிசம்பரில் ஐந்து நிமிடம் ஒரு நொடியில் முடித்தவள் நான். ஒரே ஒரு நொடி. அதை எங்கேயாவது பிடுங்கிவிடலாம்.

அந்த நேரம் வரவில்லை என்றால் நீச்சலை விட்டுவிட்டு ஒழுங்காகப் படிக்கிறேன் என்று நானே வாயைக் கொடுத்திருக்கிறேன். அப்பாவும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார். போன வருஷம் பெரியப்பா வீட்டுப் பந்தியில், "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்குடா இது" என்று பெரியப்பா கிளப்பியபோது, இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னார்: "அவளா விடுறேன்னு சொல்ற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன். இது என் வாக்கு." பெரியப்பா வாயில் ரசம் சாதத்தைப் போட்டு அடைத்துக்கொண்டார்.

அப்பா சொன்னால் சொன்னதுதான். ரத்தப் பரிசோதனை லேபில் இருபது வருஷமாக வேலை. "ஒரு புள்ளிய மாத்திப் போட்டா ஒரு உசுரு போயிரும் பாப்பா" என்று அடிக்கடி சொல்வார். வீட்டில் பால் கணக்கைக்கூட இரண்டு தரம் சரிபார்ப்பார்.

ஏப்ரல் 5

முதல் சாயங்கால நீச்சல். குளத்தின் ஆழமில்லாத பக்கம் முழுக்கக் கோடைப் பயிற்சிக் குழந்தைகள். கடைசி லேன் எனக்கு.

எனக்குக் கண் மைனஸ் ஆறு. மீனலோசனி என்று பெயரை வைத்துவிட்டு இப்படிக் கண்ணைக் கொடுத்திருக்கிறாள் மீனாட்சி. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டால் உலகம் கரைத்த கலர்ப் பொடிதான். தொப்பியையும் பவர் இல்லாத கறுப்பு நீச்சல் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்துக் குளத்தோரம் வருவேன். சுவர்க் கடிகாரமும் தெரியாது, வாட்சும் தெரியாது. எல்லாவற்றையும் அப்பாதான் பார்த்துச் சொல்வார்.

ஏணியில் நூல் கட்டித் தெர்மாமீட்டர் ஒன்று மிதக்கிறது. ஃபெலிக்ஸ் சார் போனில் முதலில் கேட்பதே அதைத்தான். "தண்ணி என்ன சூடு?" அதைச் சொல்லாமல் அவரிடம் நேரத்தைச் சொல்ல முடியாது. வேகமாக நீந்த இருபத்தாறிலிருந்து இருபத்தெட்டு டிகிரி இருக்க வேண்டுமாம். "நீந்தும்போது ஒடம்பு அடுப்பு மாதிரி எரியும். வேர்வை தண்ணிக்குள்ள ஆறாது. தண்ணிதான் அந்தச் சூட்ட வாங்கிக்கணும். தண்ணியே சூடா இருந்தா அது எங்க போகும்? முப்பத்தொண்ணைத் தாண்டிருச்சுன்னா வாட்சைப் பையில போட்டுட்டு சும்மா நீந்திட்டு வீட்டுக்குப் போ." இதை அவர் நூறு தரம் சொல்லியிருக்கிறார்.

அப்பா குனிந்து பார்த்தார். "இருபத்தெட்டு" என்றார்.

"சூடா இருக்கிற மாதிரி இருக்கேப்பா?"

"வெயில்ல வண்டியில வந்திருக்க. வந்த ஒடம்புக்கு எல்லாம் சூடாத்தான் தெரியும்."

வாஸ்தவம்தான்.

ஏப்ரல் 9

ஐந்து நிமிடம் எட்டு நொடி. ஏழு நொடி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ அதிகம். எனக்கு இந்த வருஷம் எப்படி இருக்கும் என்பதற்கு அம்மா முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துவிட்டாள்.

அம்மாவுக்கு நான் நீந்துவது ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. முடி செம்பட்டையாகிவிட்டது, தோள் ஆம்பளை மாதிரி அகலமாகிவிட்டது, கறுத்துவிட்டேன். மூன்றையும் மாற்றி மாற்றிப் பாடுவாள். இன்று தலைவலி என்று படுத்திருந்தேன். வந்து நெற்றியில் கை வைத்தாள்.

"குளத்துல இருந்து வந்தா மேலு குளுந்து இருக்கணும். நீ என்னடி அடுப்படியில நின்னுட்டு வந்தவ மாதிரி இருக்க?"

"ஆரம்பிச்சிட்டியா?"

"தண்ணி சூடா இருக்கா?"

"இருபத்தெட்டும்மா. அப்பா பார்த்தார்."

ஒரு செம்பு நீர்மோரை வைத்துவிட்டுப் போனாள். நீச்சலைக் குறை சொல்ல அவளுக்குக் காரணம் கிடைத்தால் போதும்.

ஏப்ரல் 17

ஐந்து நிமிடம் பதினொன்று. கடைசி ஐம்பது மீட்டரில் கை என்னுடையது மாதிரியே இல்லை. முகம் தீயாக எரிந்தது. ஏறி வந்து குழாயடியில் வாந்தி எடுத்தேன். அப்பா முதுகைத் தடவிவிட்டார். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டார். "தண்ணி குடி, தண்ணி குடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாவம், என்னைவிட அவர்தான் பயந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஃபெலிக்ஸ் சார் அழைத்தார். "தண்ணி?"

"இருபத்தெட்டு சார்" என்று அப்பா பக்கத்திலிருந்து சொன்னார்.

சார் நேரத்தை மறுபடி கேட்டுக்கொண்டார். அப்புறம் சார் என்னிடம் கேட்டார். "லோசனி, உண்மையச் சொல்லு. நல்ல தண்ணியில இந்த நேரம்னா ஒடம்புல பிரச்சினை இல்ல. உனக்கு இதுல மனசு இல்லியா? படிப்பு பயமா? சொல்லு, நான் கோவப்பட மாட்டேன்."

கோபப்பட்டிருக்கலாம். எனக்கு மனசு இல்லை என்று அவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 18

எடை போட்டுவிட்டேனோ என்னவோ. இன்றிலிருந்து ஒரு இட்லி மட்டும்.

ஏப்ரல் 22

இன்று அதிசயமாக அம்மா குளத்துக்கு வந்தாள். ஒரு இட்லியோடு எழுந்து போகிறேன் என்று சுண்டலைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். நான் தண்ணீரில் இருந்தேன். பச்சைப் புடவை நிறம் ஏணிப் பக்கம் வந்து குனிந்தது. ரொம்ப நேரம் குனிந்தே இருந்தது. அப்புறம் அப்பாவின் வெள்ளைச் சட்டை பக்கத்தில் போய் நின்றது. நான் இரண்டு முறை போய்த் திரும்பும் வரைக்கும் பச்சையும் வெள்ளையும் அப்படியே நின்றன.

என்ன சண்டையோ. நிச்சயம் என் தோளைப் பற்றித்தான்.

வீட்டுக்கு வந்தும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது அப்பா, "தனம், எல்லாம் அவ நல்லதுக்குத்தான்" என்றார். அம்மா குழம்பை அவர் தட்டில் ஊற்றிய வேகத்தில் சட்டையெல்லாம் தெறித்தது.

ஏப்ரல் 24

அம்மா என் கண் பரிசோதனைச் சீட்டைக் கேட்டாள். "எதுக்கு?" என்றால் "இருக்கட்டும்" என்கிறாள். நீட் வகுப்புக்குப் புதுக் கண்ணாடி போடப் போகிறாள் போல. இவளும் நீட் பக்கம்தான்.

படுக்கப் போகும்போது கதவருகே நின்று, "இப்போதைக்கு எந்த முடிவும் எடுத்துராத. கொஞ்சம் பொறு" என்றாள். நீச்சலில் இவளுக்கு என்ன தெரியும் என்று நானும் கேட்கவில்லை, வாய் வலிக்கும் என்று.

ஏப்ரல் 30

இன்று நேரம் எடுக்கவில்லை. அப்பாவே வேண்டாம் என்றார். "ரெஸ்ட் எடு பாப்பா. ஒன்னய நீயே கஷ்டப்படுத்திக்காத." இப்படி ஒரு அப்பாவுக்கு ஐந்து நிமிடத்துக்குள் ஒரு நீச்சலைக் கொடுக்க வக்கில்லை எனக்கு.

மே 2

ஐந்து நிமிடம் பதினான்கு நொடி.

ஏணியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே சொல்லிவிட்டேன். "போதும்ப்பா. நான் விட்டுர்றேன்."

அப்பா வாட்சைப் பையில் போட்டார். குனிந்து என் தொப்பியின் மேல் கை வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்றியா? அப்பா ஒண்ணும் சொல்லலை. இது நீயா எடுக்கிற முடிவு."

"நானாத்தான் எடுக்கிறேன்."

வரும் வழியில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. ஃபெலிக்ஸ் சாருக்கு நானே குரல் பதிவு அனுப்பினேன். "சரிம்மா. நல்லா படி" என்று பதில் வந்தது. என் இடத்தில் சேலத்துப் பெண் ஒருத்தியின் பெயரைக் கொடுக்கிறாராம்.

அம்மாவிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பொறுன்னு சொன்னேன்ல" என்றாள். நியாயமாக அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

மே 3

ஒன்றுமில்லை. தாவரவியல்.

மே 5

கத்திரி ஆரம்பித்துவிட்டது. என் பிறந்தநாளும். பதினேழு. எந்த நேரத்தில் பெற்றுப் போட்டார்களோ, ஒவ்வொரு வருஷமும் அக்னியில்தான்.

அம்மா ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். நீச்சல் கண்ணாடி. பழையது மாதிரியே கறுப்பு. போட்டுப் பார்த்தால் சுவரில் காலண்டரின் ராகுகாலம் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது! என் பவரிலேயே செய்யச் சொல்லி வரவழைத்திருக்கிறாள். இப்படி ஒன்று இருப்பது எனக்கே தெரியாது.

சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. "எல்லாம் விட்ட பெறகு எதுக்கும்மா இது? கல்யாணம் முடிஞ்ச பெறகு மேளமா?"

"அனுப்புறவன் இப்பத்தான் அனுப்புனான். நான் என்ன செய்ய?" கண் கலங்கியிருந்தது. "நீச்சலை விட்டா குளத்துல எறங்கக் கூடாதா? ஒரே ஒரு தரம் போட்டுக்கிட்டு எறங்கு. உங்கப்பாகிட்ட இதப் பத்திச் சொல்லாத."

"ஏன்?"

"சொல்லாதன்னா சொல்லாத."

மே 6

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிறந்தநாளுக்காகக் கடைசியாக ஒரு தரம் போகலாம் என்று அப்பாவைக் கேட்டேன். உடனே வண்டியை எடுத்தார். வழக்கம்போல அவர் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தோரம் வந்தேன். பழக்க தோஷத்தில் குனிந்து தெர்மாமீட்டரைத் தூக்கிப் பார்த்தார். "இருபத்தெட்டு" என்றார். திரும்பத் தண்ணீரில் போட்டார்.

நான் அம்மா கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். எல்லாம் தெரிந்தது. அடியில் ஓடுகளின் விரிசல், சுவர்க் கடிகாரத்தின் முள், குழந்தைகளின் ஓட்டைப் பல். ஆசை ஆசையாக எல்லாவற்றையும் பார்த்தேன். மூக்குக்கு நேராகத் தெர்மாமீட்டர் மிதந்தது. அதையும் பார்த்தேன்.

முப்பத்துமூன்று.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உதறிப் பார்த்தேன். தண்ணீருக்குள் அழுத்தி வைத்திருந்து மறுபடி பார்த்தேன். முப்பத்துமூன்றேதான். தவறிப் பார்த்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளெழுத்து வந்திருக்கும், வயசாகிறது. அதனால் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அப்பாவுக்கு என்றுதான் எழுத வருகிறது, உண்மையில் எனக்குத்தான்.

"அப்பா, சூடா இருக்கு. இன்னொரு தரம் பாருங்களேன்."

அவர் வந்தார். குனிந்தார். எடுத்தார். அவர் கண் அந்த எண்ணின் மேல் போய் நின்றதைப் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இருபத்தெட்டுதான் பாப்பா."

பொய் சொல்லும்போது அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. எப்போதும் போலத்தான் இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரே, அதே முகம்.

ஒரு சுற்றுக்கூட நீந்தவில்லை. ஏறி வந்துவிட்டேன்.

வண்டியில் அவர் முதுகைப் பார்த்துத்தான் கேட்க முடிந்தது. "முப்பத்துமூணுப்பா."

வண்டி வேகம் குறைந்தது. ஒரு புங்கமரத்தடியில் நிறுத்தினார். இறங்கவில்லை, திரும்பவுமில்லை. "எப்பப் பார்த்த?" என்றார். என்ன முப்பத்துமூன்று என்று கேட்பார் என்று ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் போயிற்று.

"எல்லா நாளும் இதேதானா?"

"நேரத்துல நான் ஒரு நொடிகூட மாத்தலை. நீ எம்புட்டு நேரத்துல வந்தியோ அதத்தான் சொன்னேன்."

"ஒரு புள்ளிய மாத்துனா உசுரு போகும்னு சொல்வீங்களேப்பா."

"இதுல யாரு உசுரு போச்சு?"

வாந்தி எடுத்த அன்று முதுகைத் தடவிய கை ஹேண்டில் பாரில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருபது வருசமா டாக்டருங்க ரூமுக்கு வெளிய ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு நிக்கிறேன், லோசனி. உள்ள இருந்து வாங்குற ஆளா நீ இருக்கணும்னு நினைச்சேன். அம்புட்டுத்தான்."

"வேண்டாம், நிறுத்துன்னு சொல்லியிருக்கலாமே? அழுதுட்டு நிறுத்தியிருப்பேன்."

"வாக்குக் குடுத்திருந்தேனே."

அதைச் சொன்னபோது அவர் குரலில் கூச்சமே இல்லை. நிஜமாகவே வாக்கைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடு ரோட்டில் பைத்தியம் மாதிரி சிரித்தேன். ஒரு ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நான் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"நான் விடலைப்பா" என்றேன். "நீங்க விட வச்சீங்க. அதனால உங்க வாக்கு போயிருச்சு."

அதற்குத்தான் அவர் திரும்பினார்.

மே 7

ஃபெலிக்ஸ் சாரிடம் சொன்னேன். "எவ்வளவுன்ன?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "முப்பத்துமூணுலயா நானூறு மீட்டர் முட்டி முட்டி நீந்துன? மயங்கி விழுந்திருந்தா?" என்று கத்தினார். யார் மேல் கத்துகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. பட்டியல் போய்விட்டது. சேலத்துப் பெண் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். அவள் மேல் என்ன தப்பு?

"உனக்கு மனசு இல்லியான்னு கேட்டேன் பாரு" என்றார் கடைசியில். "தப்பும்மா." அடுத்த தேர்வு ஆகஸ்டில் இருக்கிறதாம். விடியற்காலையில் நீந்தச் சொன்னார்.

மே 9

வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அப்பா பால் கணக்கை ஒரே தரம்தான் பார்த்தார்.

அம்மாவிடம் கேட்டேன். "ஒனக்குத் தெரியுமா?"

தோசையைத் திருப்பினாள். "எனக்கு என்னடி தெரியும், தண்ணியப் பத்தியும் டிகிரியப் பத்தியும்."

அதுதான். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பச்சைப் புடவை ஏணிப் பக்கம் குனிந்த நாளுக்கும் என் கண் சீட்டைக் கேட்ட நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பின்பக்கம் புரட்டிப் பார்த்தால் தெரியும். நான் புரட்டப் போவதில்லை.

மே 12

இன்று சாப்பாட்டு நேரத்தில் அம்மா பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நாளையில இருந்து விடியக்காலம் அவள நான் கூட்டிட்டுப் போறேன். படிப்பு வகுப்பு சாயங்காலமும் நடக்குதாம், விசாரிச்சுட்டேன்."

அப்பா தலையைத் தூக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே, "வாட்ச் டிராயர்ல இருக்கு" என்றார்.

நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மூன்று இட்லி.

மே 18

சென்னையில் இன்று தேர்வு. நான் மதுரையில், விடியற்காலைக் குளத்தில். இந்நேரம் அங்கே பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதை வைத்துக்கொண்டே நானூறு மீட்டரை நீந்தினேன். தண்ணீர் தோளில் பட்டதும் உடம்பு பழையபடி இழுத்துக்கொண்டு போயிற்று. ஒன்றரை மாதமாக எனக்குள் செத்துவிட்டது என்று நினைத்தது சாகவில்லை. முடித்து நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியது. முகம் எரியவில்லை.

அம்மா வாட்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு நிமிடம் ஐம்பத்தொன்பது என்றாள். பிறகு, "பொத்தானச் சரியாத்தான் அமுக்குனேனா தெரியலடி" என்றாள். இப்போதே சாருக்கு அனுப்ப முடியாது. இன்னொரு நாள் பார்க்க வேண்டும்.

"தண்ணி எவ்வளவும்மா?"

புடவையைச் சொருகிக்கொண்டு ஏணியருகே குந்தினாள். தெர்மாமீட்டரை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இருபத்தெட்டு" என்றாள்.

நான் கையை நீட்டினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இருபத்தெட்டுதான். அம்மா சரியாகத்தான் சொல்லியிருந்தாள். இருந்தும் நான் பார்த்தேன். நாளைக்கும் பார்ப்பேன்.